மூலத்திலிருந்தே கட்டுவேன் என்று நின்றவன்

போன மாதம் பத்து பெரெண்டாம் என்கிற ஊரிலிருந்து ஒரு போன் வந்தது. நான் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த ரப்பர் கையுறைத் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. கம்ப்யூட்டர் பிரிவில் இப்போது இருக்கும் பிள்ளைகள் பழைய சர்வர்களைக் கழற்றப் போகிறார்களாம். இனி அங்கே எதையும் உட்கார்ந்து நிறுவுகிற வேலையே கிடையாதாம். எங்கோ ஒருவர் முழுசாகக் கட்டி வைத்ததை அப்படியே இறக்குவார்களாம், ஓட்டுவார்களாம், சரிப்படவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றை இறக்குவார்களாம். "அங்கிள், உங்க காலத்துல எல்லாத்தையும் சோர்ஸ்ல இருந்தே கம்பைல் பண்ணுவீங்களாமே, உண்மையா? ஒரு நாளைக்கு வந்து பேசுங்களேன்" என்றாள் அங்கே பொறுப்பில் இருக்கும் பெண்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வருகிறேன் என்று உடனே ஒப்புக்கொண்டேன். போனை வைத்தபோது என் மனைவி கமலா சோபாவில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்: "லெட்சுமி விசயத்தையும் சொல்வீங்களா, இல்ல வழக்கம்போல பெரும மட்டும்தானா?"

அதனால்தான் இதை எழுதுகிறேன். பேசப் போனால் பெருமையில்தான் போய் நிற்பேன், என் வாய் அப்படி. எழுதினால் கமலா படித்துவிட்டுத் திருத்துவாள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் ஒரு நிரலை நிறுவ இரண்டு வழி உண்டு. ஒன்று, வேறு யாரோ கட்டி, சோதித்து, பொட்டலமாக்கி வைத்திருப்பதை எடுத்துப் போட்டுக்கொள்வது. அதை பேக்கேஜ் என்போம். இரண்டு நிமிஷத்தில் வேலை முடியும். இன்னொன்று, அந்த நிரலை எழுதியவர்கள் எழுதிய மூலத்தையே, அதாவது சோர்ஸை, வாங்கி நம் கம்ப்யூட்டரிலேயே கட்டுவது. ரெடிமேட் சட்டைக்கும் அளவு கொடுத்துத் தைக்கும் சட்டைக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அளவு கொடுத்துத் தைக்கிற கட்சி. நிஜ வாழ்க்கையிலும் அப்படித்தான். காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த கால்சட்டைகள் ஒன்றுகூட எனக்குச் சரியாகப் பொருந்தியதில்லை. அதிலிருந்தாவது பாடம் படித்திருக்கலாம்.

நான் பிறந்தது நாடு சுதந்திரம் அடைந்த 1957ஆம் வருஷம். பிரகடனம் படித்தபோது நான் மூன்று மாதக் குழந்தை. பொதுப்பணித்துறையில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த அப்பா, என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பண்டார் ஹிலிர் திடலில் கூட்டத்தோடு நின்றாராம். நான் அவர் சட்டையை நனைத்துவிட்டேன் என்பதுதான் அந்த நாளைப் பற்றி எங்கள் வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் வரலாறு. அப்பா அதற்குப் பிறகு என்னை எதற்குத் திட்டினாலும், "நாட்டோட வயசுடா உனக்கு, அது சொந்தக் கால்ல நிக்குது, நீ இன்னும் பேனாவக் கடன் வாங்கிட்டு நிக்கிற" என்பார். இரவல் கேவலம், சொந்தமாகச் செய்ததே உயர்வு என்பது எனக்குப் பாலோடு ஊட்டப்பட்டது. அப்பாவைக் குறை சொல்ல முடியாது. அவர் சொன்னது பேனாவை. நான் அதைக் கம்ப்யூட்டருக்கும் நீட்டிக்கொண்டேன்.

படித்தது, கோலாலம்பூரில் ஒரு அலுவலகத்தில் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்காக அட்டையில் ஓட்டை போட்டது, பிறகு இரண்டு இடத்தில் கேபிள் இழுத்தது, இதெல்லாம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஊருக்கே திரும்பி வந்து கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். அங்கே எனக்கு மேலதிகாரி மிஸ்டர் சாகுல், மலாயில் எஞ்சே சாகுல். தமிழ் பேசுகிற எங்களுக்கு அண்ணன் முறையில் சாகுல் நானா. டவுனில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு இவர் மட்டும் கம்ப்யூட்டருக்கு வந்தவர்.

நானாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மாட்டாமல் மேசையில் வைப்பார். அதைப் பார்த்தால் நாங்கள் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவோம். அவருக்கு இரண்டு சட்டம் இருந்தது. முதலாவது, ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு தாள். அதில் என்ன நிறுவியிருக்கிறது, எந்தப் பேக்கேஜ், எத்தனையாம் பதிப்பு, எந்த சிடியிலிருந்து எடுத்தது, யார் கையெழுத்து என்று எல்லாம் இருக்கும். "நாளைக்கு இந்த மெசினு எரிஞ்சு போயிருது, நீங்களும் இல்ல, நானும் இல்ல. இந்தத் தாளப் பாத்து முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் அதே மெசினக் கட்டணும்" என்பார். இரண்டாவது சட்டம், ஓடிக்கொண்டிருக்கும் எதை மாற்றுவதாக இருந்தாலும், மாற்றாத ஒன்றை அப்படியே வைத்திருக்க வேண்டும். ஸ்டோர் அறையில், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே, ஒரு பழைய கம்ப்யூட்டர் அப்படி இருந்தது. சிடியில் வந்த பேக்கேஜுகளையும் பேக்கிங் லைனில் ஓடும் எங்கள் நிரலையும் மட்டும் போட்டு, அதற்குப் பிறகு யாரும் தொடாதது. அதற்கு 'சாட்சி' என்று பெயர் வைத்திருந்தார்.

நான் அதை 'சமாதி' என்பேன். நானா காதில் படாமல்தான்.

புத்தாயிரம் பிறந்து ஓரிரு வருஷத்தில், பேக்கிங் லைன்களுக்குப் புது கம்ப்யூட்டர்கள் வந்தன. இங்கேதான் என் பெருங்காதல் தொடங்குகிறது. அப்போது இண்டர்நெட்டில் எங்களைப்போன்ற ஆட்களுக்குக் குழுக்கள் இருந்தன. பேக்கேஜ் போடுகிறவன் மனுஷனே இல்லை என்று அங்கே பேசிக்கொள்வோம். பேக்கேஜ் என்பது ஊரில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும்படி பொதுவாகக் கட்டியது. நம் கம்ப்யூட்டரின் முழு பலத்தையும் அது பயன்படுத்தாது. சோர்ஸிலிருந்து கட்டும்போது கம்பைலருக்கு, அதாவது மூலத்தை மெஷினுக்குப் புரியும்படி மாற்றிக் கட்டும் நிரலுக்கு, நாம் ஆப்ஷன்கள் கொடுக்கலாம். இன்ன மாதிரி கட்டு, இதை வேகப்படுத்து, இதை விட்டுவிடு என்று. அந்த ஆப்ஷன்களின் பட்டியலை நான் மனப்பாடமாகச் சொல்வேன். கந்த சஷ்டி கவசம்கூட எனக்குப் பாதிதான் தெரியும்.

கட்டுவது என்றால் என்ன செய்வேன் தெரியுமா? சோர்ஸ் வந்த மூட்டையை அவிழ்ப்பேன், ஆப்ஷன்களைக் கொடுப்பேன், கட்டு என்று ஒரு கட்டளை அடிப்பேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து மணிக்கணக்கில் ஓடும். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவேன். ஒரு தடவை சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த கமலா சொன்னாள், கம்ப்யூட்டர் சமைக்கிறது, நீங்க ஏன் இப்படி வேர்க்க விறுவிறுக்க நிக்கிறீங்க என்று. அந்த ஓடுகிற எழுத்தில் ஒரு வரியையாவது நான் படித்தேனா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், படித்தேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பேக்கிங் லைனில் எடை பார்க்கும் நிரலை எழுதியது நான். அது ஓடுவதற்கு அடியில் ஒரு பெரிய நிரல் தேவை. அதுவரை அது பேக்கேஜாக வந்ததுதான். புது மெஷின்களில் அதைச் சோர்ஸிலிருந்து கட்டினேன். கட்டும்போது ஒரு ஆப்ஷன் சேர்த்தேன். கணக்கை முறைப்படி போட்டுக்கொண்டிருக்காதே, வேகமாகப் போடு என்பது அதன் சாரம். கையேட்டில் அந்த ஆப்ஷனுக்குக் கீழே எச்சரிக்கையாக ஒரு பத்தி இருந்தது. எச்சரிக்கை எல்லாம் விவரம் தெரியாதவர்களுக்கு என்று தாண்டிப் போய்விட்டேன்.

தாளை நிரப்பும்போது பேக்கேஜ் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் 'சோர்ஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்னென்ன ஆப்ஷன் கொடுத்தீர்கள் என்று நானா கேட்டார். வழக்கமானதுதான் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். அதோடு விட்டார். அன்றைக்கு அவர் விட்டிருக்கக் கூடாது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார்.

லைனில் எடை பார்ப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், இதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு அட்டைப்பெட்டிக்குள் பத்து சின்னப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கும். மெஷின் சிக்கினால் சில நேரம் ஒன்பதுதான் விழும். அதைப் பிடிக்கத்தான் எடை. பெண்கள் அட்டைப்பெட்டியைத் தராசுத் தட்டில் தள்ளி, காலால் ஒரு பெடலை மிதிப்பார்கள். தட்டு ஆடாமல் இருந்தால் தராசு எடையை அனுப்பும். எடை சரியென்றால் பச்சை விளக்கு, 'லுலுஸ்' என்று அச்சடித்த லேபிள் வரும். தேறிவிட்டது என்று பொருள். எடை குறைந்தால் 'காகால்', பெட்டி ஒதுக்கப்படும். தட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தால் தராசு எண்ணே அனுப்பாது, வெறும் கோடுகளை அனுப்பும். அப்போது என் நிரல் சிவப்பு விளக்கைப் போட்டு 'துங்கு', பொறு, என்று சொல்லும். லேபிளில் லைன் எண்ணும், பெட்டியைத் தள்ளிய பெண்ணின் ஊழியர் எண்ணும் இருக்கும். எடை இருக்காது. எடையைப் பதிந்துவைத்தால் டிஸ்க் நிறைந்துவிடும் என்று அதை நிறுத்தியதும் நான்தான்.

மூன்றாம் லைனில் வேலை பார்த்தவர் லெட்சுமி. புக்கிட் ரம்பாயிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பதினோரு வருஷ சர்வீஸ். தொழிற்சாலையிலேயே வேகமான கை அவருடையது. மற்றவர்கள் பெட்டியைத் தள்ளிவிட்டு, தட்டு நிற்கிற வரை பார்த்துவிட்டு மிதிப்பார்கள். லெட்சுமி தள்ளுவதும் மிதிப்பதும் ஒரே அசைவில் நடக்கும். அதனால் அவருக்குத்தான் சிவப்பு விளக்கு அதிகம் எரியும், அதைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டு நிற்பார்.

நான் புது மெஷின்களை மாட்டி ஒரு வாரத்தில், கேண்டீனில் என்னைப் பார்த்து, "சார், என்ன பண்ணீங்க? இப்ப மெசினு காக்க வைக்கிறதே இல்ல" என்று சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேகம் கூட்டியிருக்கிறேன் என்றேன். அந்த வருஷ விருந்தில், உற்பத்தியை விரைவுபடுத்திய ஊழியர் என்று எனக்கு ஒரு ரைஸ் குக்கர் கொடுத்தார்கள். மேடையில் அதை வாங்கிக்கொண்டு இரண்டு நிமிஷம் பேசு என்றார்கள். பதினைந்து நிமிஷம் பேசினேன்.

நான்கு மாதம் கழித்து, வெளிநாட்டிலிருந்து ஒரு வாடிக்கையாளர் புகார் அனுப்பினார். பதினான்கு அட்டைப்பெட்டிகளில் பத்துக்குப் பதில் ஒன்பதுதான் இருந்தன. இரண்டு பெட்டிகளில் எட்டு. எல்லாவற்றிலும் 'லுலுஸ்' லேபிள், எல்லாவற்றிலும் ஒரே ஊழியர் எண். லெட்சுமியுடையது.

தொழிற்சாலை நிர்வாகம் போட்ட கணக்கு எளிமையானது. பெட்டி முழுசாக எடை தேறியிருக்கிறது, பிறகு குறைந்திருக்கிறது. அப்படியென்றால் லேபிள் ஒட்டியபின் யாரோ உருவியிருக்கிறார்கள். காலை ஷிப்ட் தொடங்குமுன் லைனில் எல்லோரையும் நிற்கவைத்து அறிவிப்புகள் வாசிப்பது வழக்கம். ஒரு திங்கட்கிழமை, அறுபது பெண்களுக்கு முன்னால், லெட்சுமியின் பெயரையும் எண்ணையும் வாசித்து, பொருள் காணாமல் போனது தொடர்பாக விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்படுகிறார் என்றார்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமை விசாரணை. பாதுகாவலர் வந்து அவருடைய பையைத் திறந்து பார்த்துவிட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

என்னிடம் ஒரு கடிதம் கேட்டார்கள், எடை பார்க்கும் மெஷினில் கோளாறு உண்டா என்று. எனக்கு அது கேள்வியாகவே படவில்லை, அவமானமாகப் பட்டது. 'அமைப்பில் கோளாறு ஏதும் இல்லை. இந்த நிரல்கள் வெளியிலிருந்து ஆயத்தமாகப் பெறப்பட்டவை அல்ல. மூலத்திலிருந்து என் நேரடிப் பார்வையில் கட்டப்பட்டவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் நேரடிப் பார்வை. அந்தச் சொல்லை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது. லெட்சுமிக்கு எதிராக அவர்களிடம் இருந்த ஒரே சாட்சி அந்தக் கடிதம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு லெட்சுமி எங்கள் வீட்டு வாசலில் நின்றார். தலைமுறைகளாக மலாயே பேசிவரும் பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாளிடம் மலாயில் வழி கேட்டு வந்திருக்கிறார். கமலா உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. கொடுத்த தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

"சார், ஒன்னே ஒன்னு கேட்டுட்டுப் போயிடுறேன். அந்த மெசினு ஒரு தடவயாச்சும் தப்பா லுலுஸ் குடுக்குமா?"

"குடுக்காது லெட்சுமி. கடையில வாங்கி மாட்டுனது இல்ல அது. ஒவ்வொன்னும் நானே கட்டினது."

அவர் தம்ளரைக் கையிலேயே ஒரு சுற்று திருப்பினார். பிறகு சொன்னார்: "வேல போனா வேற ஃபேக்டரிக்குப் போயிக்குவேன் சார். திருடின்னு லைன்ல வாசிச்சுட்டாங்க. அத எங்க போயி அழிக்கிறது?"

தம்ளரைக் கமலாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கமலா என்னிடம் அன்றைக்கு முழுவதும் பேசவில்லை. சாயங்காலம் மட்டும் ஒன்று கேட்டாள்: "நீங்க கட்டினதுன்னா, என்ன கட்டினீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" தெரியாமலா என்றேன். சொல்லுங்க பார்ப்போம் என்றாள். நான் ஆப்ஷன்களின் பெயர்களை ஒப்பித்தேன். பெயர் கேட்கவில்லை, அது என்ன செய்யும் என்று கேட்டேன் என்றாள். நான் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை நேராக நானாவிடம் போனேன். மெஷினைப் பற்றி அல்ல, லெட்சுமிக்காகக் கொஞ்சம் சிபாரிசு பேச. நல்லவர்போலத் தெரிகிறது, வயிற்றுப் பாட்டுக்கு ஏதோ செய்திருப்பார், மன்னித்துவிடச் சொல்லலாம் என்றேன். பாருங்கள் என் பெருந்தன்மையை. நானா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மேசையில் வைத்தார்.

"அந்தச் செவப்பு லைட்டு கடைசியா எப்ப எரிஞ்சுச்சு, தம்பி?"

அது பதிவில் இருக்கும், பார்த்துச் சொல்கிறேன் என்றேன். போய்ப் பார்த்தேன். பழைய மெஷின்கள் இருந்தவரை ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு லைனிலும், 'துங்கு' என்று வரிசையாகப் பதிவு. நான் புது மெஷின் மாட்டிய நாளோடு அது நின்றிருந்தது. குறையவில்லை, நின்றேவிட்டது. நான்கு மாதத்தில் எந்த லைனிலும் ஒரு தடவைகூட இல்லை. அதைத்தான் வேகம் என்று நான் மேடையில் பேசியிருக்கிறேன்.

முதன்முறையாகக் கையேட்டை எடுத்து அந்த எச்சரிக்கைப் பத்தியைப் படித்தேன். வருகிறதெல்லாம் உண்மையான எண்தான் என்று வைத்துக்கொண்டு இந்த ஆப்ஷன் கட்டும். எண் அல்லாத ஒன்று வந்தால் அதைச் சோதிக்கும் வேலையைத் தூக்கிவிடும் என்று எழுதியிருந்தது. தராசு கோடுகளை அனுப்பும்போது, இது எண்ணே இல்லை என்று கண்டுபிடிக்கும் இடத்தைக் கம்பைலர் எடுத்துவிட்டிருந்தது. நான்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அது சொன்னபடி செய்திருக்கிறது. அடுத்த கேள்வி, எடை குறைவா என்பது. இல்லாத எடை குறைவாகவும் இல்லை, கூடுதலாகவும் இல்லை. எனவே லுலுஸ்.

நானாவிடம் வந்து சொன்னேன். அவர் திட்டவில்லை. கையால் செய்து பார்க்காமல் எதையும் எழுதக் கூடாது என்று சொல்லி, நிர்வாகத்தில் பேசி, செவ்வாய்க்கிழமை லெட்சுமியை ஒரு மணி நேரத்துக்கு உள்ளே அழைக்க அனுமதி வாங்கினார்.

ஸ்டோர் அறையில் உடைந்த நாற்காலிகளை ஒதுக்கி, ஒரு தராசைக் கொண்டுவந்து வைத்தோம். முதலில் அதை 'சாட்சி'யோடு இணைத்தோம். லெட்சுமி முழுப் பெட்டியை வழக்கமான வேகத்தில் தள்ளி மிதித்தார். சிவப்பு. தட்டு நின்றது, பச்சை. ஒரு சின்னப் பெட்டியை எடுத்துவிட்டுத் தள்ளினார். சிவப்பு, பிறகு காகால். இருபது தடவை செய்தோம். ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஏதோ ஊரில் முகம் தெரியாத ஒருவர் பொதுவாகக் கட்டிப் பொட்டலம் போட்டது அது.

பிறகு தராசைக் கழற்றி, நான் கட்டிய புது மெஷினில் மாட்டினோம். ஒன்பது பெட்டி உள்ள அட்டைப்பெட்டியை லெட்சுமி தள்ளி மிதித்தார். உடனே பச்சை, லுலுஸ். எட்டு பெட்டி. லுலுஸ். நான் போதும் என்றேன். அவர் கேட்கவில்லை. யாரும் சொல்லாமலே, மூலையில் கிடந்த ஒரு காலிப் பெட்டியை எடுத்து, மூடி, தட்டில் தள்ளி மிதித்தார். பச்சை விளக்கு எரிந்தது. லேபிள் வந்தது, அவருடைய எண்ணோடு.

அதை உரித்து என் கையில் கொடுத்தார். மெதுவாக வேலை செய்கிற யாராவது ஒருத்தியாக இருந்திருந்தால் இந்தப் பழி வந்தே இருக்காது. கைவேகம் இருந்ததால்தான் மாட்டிக்கொண்டார். அது எனக்கு அந்த அறையில்தான் உறைத்தது, உறைத்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் என் புத்தி போன போக்கைக் கேளுங்கள். விசாரணைக்குப் புதுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'தராசிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் கேபிள் வழியே சில நேரங்களில் சரியான எண் வராததால்' என்று தொடங்கினேன். பொய் இல்லை பாருங்கள், எண் வராதது உண்மைதானே. மூன்று பத்தி எழுதினேன். அதில் என் பெயரும் இல்லை, ஆப்ஷனும் இல்லை, சோர்ஸும் இல்லை. நானா படித்துவிட்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"கேபிளுக்கு வாய் இல்ல, தம்பி."

கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். நான்கு வரிதான் வந்தது. என் முந்தைய கடிதம் தவறு. நான் படிக்காமல் கொடுத்த ஆப்ஷனால் எடை இல்லாத பெட்டிகளும் தேறின. லெட்சுமியின் வேலையில் தவறு இல்லை. நடந்ததற்கு நானே பொறுப்பு.

வியாழக்கிழமை விசாரணையில் அதை வாசித்தேன். விசாரித்த அதிகாரி, இப்படிக் கட்டச் சொன்னது யார், யார் அனுமதித்தது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, யாரிடமும் நான் கேட்கவும் இல்லை, என் ஆசைக்குக் கட்டினேன் என்றேன். நானா குறுக்கிட்டு, கேள்விக்குறி போட்டுவிட்டுச் சும்மா இருந்தது தன் தவறு என்று பதியச் சொன்னார். எனக்கு எச்சரிக்கைக் கடிதமும் இரண்டு வருஷத்துக்குச் சம்பள உயர்வு நிறுத்தமும் கிடைத்தது. எல்லா லைன்களிலும் பேக்கேஜே போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஐந்து லைனையும் மாற்ற எனக்கு ஒரு முற்பகல்கூடப் பிடிக்கவில்லை.

லெட்சுமியிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்து, விசாரணை கைவிடப்பட்டது, நாளையிலிருந்து வேலைக்கு வரலாம் என்றார்கள். அவர் அதை வாங்கி மேசையிலேயே வைத்தார். தன் பெயரை லைனில் வாசித்தார்கள், இதையும் லைனில் வாசிக்க வேண்டும் என்றார். அப்படி வழக்கமில்லை என்றார் அதிகாரி. லெட்சுமி எழுந்திருக்கவில்லை. நானா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் வாசிக்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு முன்னால், மூன்றாம் லைன் பக்கத்தில் ஒரு மரப் பலகை மேடைமேல் ஏறி நின்றேன். அறுபது பெண்கள். முன் வரிசையில் லெட்சுமி, தொப்பியும் முகக்கவசமும் போட்டு, வேலைக்குத் தயாராக. எனக்குத் தெரிந்ததெல்லாம் விளக்கம் சொல்வதுதானே. தொடங்கிவிட்டேன். மூலநிரல் என்றால் என்ன, கம்பைலர் எப்படிக் கட்டுகிறது, எண் அல்லாத எண் எப்படி வருகிறது என்று தமிழும் மலாயும் கலந்து சொல்லிக்கொண்டே போனேன். பின் வரிசையில் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார்.

லெட்சுமி முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கினார்.

"சார், அதெல்லாம் யாருக்கும் வேணாம். நான் திருடலன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். "லெட்சுமி திருடல. தப்பு என்னோடது." மலாயிலும் அதையே சொன்னேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. இதற்காகவா இத்தனை நேரம் பேசினோம் என்று இருந்தது. இறங்குவதற்கு ஒரு காலைக் கீழே வைத்தேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்க சார்" என்றார் லெட்சுமி. "பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

மறுபடி மேலே ஏறி, சத்தமாகச் சொன்னேன்.